ஒவ்வொரு டேக்கையும் படிக்காமல் எந்த வகை எத்தனை என்று சொல்வது எப்படி? ஆர்எஃப்ஐடி வகை மதிப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வகை" என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு துணிக்கடையின் குடோனை எடுத்துக்கொள்வோம். நேவி புளூ நிறம், மீடியம் சைஸ், வட்டக் கழுத்து டி-சர்ட். இது ஒரு வகை. அதில் 400 உருப்படி இருக்கலாம், ஒவ்வொன்றிலும் ஒரு ஆர்எஃப்ஐடி டேக் தொங்கும். ரீடர் என்ற கருவி கேட்டால் ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சின்னச் சில்லு அது. டேக்கின் எண்ணில் ஒரு பகுதி இது எந்த வகை என்று சொல்லும். மிச்சப் பகுதி அந்த வகையில் இது எந்த உருப்படி என்று சொல்லும்.

சில்லறை வணிகத்தில் அதிகம் புழங்கும் எஸ்ஜிடின்-96 என்ற அமைப்பைப் பாருங்கள். மொத்தம் 96 பிட். முதல் 8 பிட் தலைப்பு, அடுத்த 3 ஃபில்டர் (தனி உருப்படியா, பெட்டியா என்று சொல்வது), அடுத்த 3 பார்ட்டிஷன். பிறகு வரும் 44 பிட்டில் நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்திருக்கும். அதில் எது எவ்வளவு நீளம் என்பதைப் பார்ட்டிஷன் சொல்லிவிடும். கடைசி 38 பிட் வரிசை எண். ஆக, ஒரே வகை டி-சர்ட்டுகள் எல்லாவற்றிலும் அந்த 44 பிட் அச்சு அசலாக ஒன்றே. வேறுபடுவது கடைசி 38 மட்டும்.

யூனிக்ளோ கடையில் துணிகளைத் தொட்டியில் போட்டதும் பில் வருவதும், டெகத்லான் கடைகளில் ஸ்டாக் எடுப்பதும் இந்த மாதிரி டேக்குகளால்தான். திருப்பூரில் தைத்து வெளிநாடு போகும் உடுப்புகள் பலவற்றிலும், வாங்குபவர் கேட்டபடி இந்த டேக் அங்கேயே மாட்டப்பட்டுவிடுகிறது.

ரீடர்தான் எல்லாவற்றையும் படிக்கிறதே. மதிப்பீடு எதற்கு?

சில நூறு டேக் மட்டும் இருக்கிற இடத்தில் தேவையே இல்லை. நேராகப் படித்துவிடுங்கள், இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்.

பல்லாயிரம் டேக் ஒரே இடத்தில் இருக்கும்போதும், சரக்கு வாசலைக் கடந்துபோகிற சில நொடிகளுக்குள் பதில் வேண்டும்போதும் நிலைமை மாறுகிறது. டேக்குகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. எல்லாம் ஒரே அலைவரிசையில் ரீடருக்குப் பதில் சொல்வதால் பதில்கள் மோதும். நார்மன் ஆப்ராம்சன் ஹவாய் பல்கலைக்கழகத்தில் 1971-இல் ஓடவிட்ட அலோஹா வலையமைப்பின் வழிமுறைதான் இதற்கும் அடிப்படை. அதில் நேரத்தைக் கட்டங்களாகப் பிரித்தாலும், எவ்வளவு நன்றாக அமைத்தாலும், 36.8 சதவீதக் கட்டங்களில்தான் உருப்படியான பதில் கிடைக்கும். மீதியெல்லாம் காலியாகப் போகும் அல்லது மோதலில் வீணாகும்.

"நேவி புளூ மீடியம் சுமாராக எத்தனை இருக்கிறது, புதிதாக ஆர்டர் போடணுமா?" என்பது கேள்வி என்றால், ஒவ்வொரு டி-சர்ட்டின் வரிசை எண்ணும் தெரிந்து என்ன ஆகப்போகிறது? கேள்வி சின்னதாக இருக்கும்போது செலவும் சின்னதாக இருக்கலாம். மதிப்பீட்டு முறைகள் பிறந்தது இதற்காகத்தான்.

ஃப்ரேம், ஸ்லாட் என்கிறார்களே, டேக்குக்கும் ரீடருக்கும் நடுவே உண்மையில் என்ன நடக்கிறது?

இன்று உலகம் முழுக்கப் பயன்படும் யுஹெச்எஃப் (மிகை உயர் அதிர்வெண்) டேக்குகள் ஜென்2 என்ற தரத்தில் இயங்குகின்றன. 2004-இல் வந்தது, 2006-இல் ஐஎஸ்ஓ 18000-6சி என்ற பெயரில் சர்வதேசத் தரமானது.

ரீடர் முதலில் க்யூ என்ற ஓர் எண்ணை அறிவிக்கும். அது 0 முதல் 15 வரை இருக்கலாம். க்யூ 10 என்றால் 2-இன் 10-ஆம் அடுக்கு, அதாவது 1024 ஸ்லாட். மேலே சொன்ன நேரக் கட்டம்தான் ஸ்லாட். இந்த 1024-உம் சேர்ந்தது ஒரு ஃப்ரேம். ஒவ்வொரு டேக்கும் தனக்குள்ளேயே ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டு எடுத்துக்கொள்ளும். ரீடர் "அடுத்து, அடுத்து" என்று சொல்லச் சொல்ல அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து, பூஜ்யம் ஆனதும் 16 பிட் நீளமுள்ள ஒரு தற்செயல் எண்ணைப் பதிலாக அனுப்பும். ரீடர் அதையே திருப்பிச் சொல்லி ஒப்புக்கொண்டால்தான் டேக் தன் முழு 96 பிட் எண்ணைச் சொல்லும்.

ஆக ஒரு ஸ்லாட்டில் மூன்றில் ஒன்றுதான் நடக்கும். யாரும் பேசவில்லை; ஒருவர் பேசினார்; இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ஒன்றாகப் பேசி மோதினார்கள். மதிப்பீடு முழுவதும் இந்த மூன்றின் எண்ணிக்கையை வைத்துத்தான். எண்ண மட்டும் வேண்டும் என்றால், முதல் 16 பிட் காதில் விழுந்ததுமே ரீடர் அடுத்த ஸ்லாட்டுக்குப் போய்விடலாம். முழு எண்ணைக் கேட்டு வாங்கும் நேரம் மிச்சம்.

காலி ஸ்லாட்டை எண்ணி டேக் எத்தனை என்று எப்படிச் சொல்ல முடியும்?

தூறல் போடும்போது முற்றத்துத் தளக் கற்களைப் பாருங்கள். எத்தனை கல் இன்னும் நனையவில்லை என்று தெரிந்தால் எத்தனை துளி விழுந்திருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரே கல்லில் மூன்று துளி விழுந்திருந்தாலும் கவலையில்லை, நனையாத கற்களின் கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும்.

சூத்திரம் இதுதான்: மொத்த ஸ்லாட்டைக் காலி ஸ்லாட்டால் வகுத்து, அதன் இயல் மடக்கையை (கால்குலேட்டரில் ln) எடுத்து, மொத்த ஸ்லாட்டால் பெருக்க வேண்டும்.

1024 ஸ்லாட் வைத்தோம், 230 காலியாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 1024 ÷ 230 = 4.452. அதன் இயல் மடக்கை 1.4934. 1024-ஆல் பெருக்கினால் 1529. குடோனில் சுமார் 1529 டேக்.

இந்தச் "சுமார்" எவ்வளவு என்பதையும் கணக்கே சொல்லிவிடுகிறது. இந்த எண்களுக்குத் திட்ட விலக்கம் (விடை வழக்கமாக எவ்வளவு சிதறும் என்ற அளவு) ஏறக்குறைய 45. அதாவது 100-க்கு 95 தடவை, உண்மையான எண்ணிக்கை 1529-க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 88-க்குள் இருக்கும். நான்கு ஃப்ரேம் ஓட்டிச் சராசரி எடுத்தால் இது 44 ஆகக் குறையும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு. இதில் குறுக்கு வழி கிடையாது.

தரவுத்தளத்தில் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் இருக்கின்றன என்று எண்ணுவதற்கு 1990-இல் வாங் முதலியோர் வெளியிட்ட முறையிலும் இதே சூத்திரம் உண்டு. ஆர்எஃப்ஐடி உலகுக்கு இதைத் திடமாகக் கொண்டுவந்தது முரளிதரன் கோடியாலம், தியாகா நந்தகோபால் இருவரும் 2006-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை. காலி ஸ்லாட்டை வைத்தும் மோதல் ஸ்லாட்டை வைத்தும் டேக்குகளின் எண்ணிக்கையைக் கணிக்கலாம் என்று அதில் காட்டினார்கள்.

மோதல்களை எண்ணினால் போதாதா? "2.39" என்று ஒரு எண் சொல்கிறார்களே?

அது ஷவுட் என்ற ஆய்வாளர் 1983-இல் சொன்னது. மோதிய ஒரு ஸ்லாட்டில் சராசரியாக 2.39 பேர் இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு, தனிப் பதில்களோடு கூட்டிவிடுவது. எளிமை என்பதால் பலர் யோசிக்காமல் பயன்படுத்துகிறார்கள். ஆனால் டேக்குகளும் ஸ்லாட்டுகளும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போதுதான் அந்த எண் பொருந்தும். மேலே உள்ள உதாரணத்திலேயே பாருங்கள். 230 காலி, சுமார் 343 தனி, 451 மோதல் வரும். 343 + 2.39 × 451 = 1421. நூற்றுக்கு மேல் குறைந்துபோய்விட்டது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இரண்டு டேக் ஒன்றாகப் பேசினாலும், ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இருப்பதன் குரல் ஓங்கி ஒலித்து, ரீடர் அதை மட்டும் சுத்தமாகப் படித்துவிடும். மோதல் நடந்த இடத்தில் தனிப் பதில் என்று பதிவாகும். தனிக் கணக்கும் மோதல் கணக்கும் இதனால் கெடும். காலிக் கணக்கு மட்டும் கெடாது. யாரோ பேசினார்கள், ஸ்லாட் காலியில்லை, அவ்வளவுதான். எனவே நிஜக் குடோனில் காலியை நம்புங்கள் என்பதே என் பரிந்துரை.

சரி, மொத்த எண்ணிக்கை வந்துவிட்டது. வகை எங்கே?

மூன்று வழிகள் உண்டு. எதை எடுப்பது என்பது, எந்தெந்த வகைகள் இருக்கக்கூடும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா என்பதைப் பொறுத்தது.

தெரியும் என்றால் ஜென்2-இல் உள்ள செலக்ட் கட்டளையே போதும். "இந்த இடத்திலிருந்து இத்தனை பிட் இப்படி இருக்கிறவர்கள் மட்டும் பேசுங்கள்" என்று சொல்வது அது. டேக்கின் எண் இருக்கும் இபிசி நினைவகத்தில் முதல் 32 பிட் பிழைச் சோதனைக்கும் கட்டுப்பாட்டுக்கும் போய்விடும், பிட்டுகளை 0-இலிருந்து எண்ணுவதால் எண் தொடங்குவது 32-ஆம் பிட்டில். தலைப்பு 8, ஃபில்டர் 3 தாண்டினால் 43. ஆக 43-ஆம் பிட்டில் தொடங்கி 47 பிட் நீளத்துக்கு மாஸ்க் (பொருந்த வேண்டிய பிட் வரிசை) கொடுத்தால் ஒரு வகை மட்டும் பேசும். பலர் 32-இலிருந்தே மாஸ்க் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது ஃபில்டர் பிட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரே பொருளின் டேக்குகளில் ஃபில்டர் வேறுவேறாக எழுதப்பட்டிருந்தால், அந்தப் பொருள் இரண்டாகப் பிரிந்து தெரியும். வகையைத் தனியாக்கிய பின் மேலே சொன்ன காலி ஸ்லாட் கணக்கை அந்த வகைக்கு மட்டும் ஓட்டலாம்.

இரண்டாவது வழி மாதிரி எடுப்பது. எல்லா டேக்கையும் சேர்த்து ஒரு ஃப்ரேம் ஓட்டி, தனிப் பதில் வந்த ஸ்லாட்டுகளை மட்டும் முழுதாகப் படிக்க வேண்டும். யார் தனியாக மாட்டுவார்கள் என்பது குலுக்கல் என்பதால், படித்தவை மொத்தக் கூட்டத்தின் நியாயமான மாதிரி. நம் உதாரணத்தில் 343 தனிப் பதில். அதில் 86 நேவி புளூ மீடியம் என்றால், பங்கு கால்வாசிக்குச் சற்று மேல், 1529-இல் சுமார் 383. மாதிரிப் பிழை, மொத்த எண்ணிக்கைப் பிழை இரண்டையும் சேர்த்தால் 95 சதவீத உறுதிக்கு 65 கூடலாம் அல்லது குறையலாம். ஒரே ஃப்ரேமில் எல்லா வகைக்கும் இப்படி ஒரு விடை கிடைத்துவிடுகிறது. என்னென்ன வகை இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் மேலே சொன்ன "பக்கத்தில் இருப்பவன் குரல்" பிரச்சினை இங்கே கடிக்கும். ஆன்டெனாவுக்கு அருகே அடுக்கிய வகைக்குப் பங்கு கூடிப்போகும்.

மூன்றாவது குழுச் சோதனை. 1943-இல் ராபர்ட் டார்ஃப்மன், அமெரிக்கப் படையில் சேர வருபவர்களின் ரத்த மாதிரிகளைக் கலந்து சோதித்தால் செலவு குறையும் என்று காட்டினார். கலவையில் நோய் இல்லை என்றால் அத்தனை பேரும் ஒரே சோதனையில் தேறிவிடுவார்கள். பெரிய எண்ணிக்கையில் இருக்கும் வகைகளை மட்டும் தேடிப் பிடிக்க இதே யோசனையை 2008-இல் போ ஷெங் குழுவினர் டேக்குகளுக்குக் கொண்டுவந்தார்கள். 512 வகை இருக்கக்கூடும், உண்மையில் உள்ளவை 5 மட்டுமே என்றால், பாதி பாதியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டே போனால் 75 கேள்விகளைத் தாண்டாது. பொருள் எண்கள் அடுத்தடுத்து வருபவை என்றால் மாஸ்கின் நீளத்தை ஒவ்வொரு பிட்டாகக் கூட்டினாலே பிரிவு கிடைத்துவிடும்.

எண்ணிக்கை குறைவாக உள்ள வகைகள் தப்பிவிடாதா?

தப்பும். இந்தத் துறையில் நான் எல்லாரிடமும் வலியுறுத்துவது இதைத்தான்.

மேலே உள்ள ஃப்ரேமில் ஒரு டேக் தனியாக மாட்டும் வாய்ப்பு 22.5 சதவீதம். ஒரு வகையில் 20 டேக் இருந்தால், அதில் ஒன்றுகூட மாட்டாமல் அந்த வகையே கண்ணில் படாமல் போக 0.6 சதவீத வாய்ப்புதான். 10 டேக் என்றால் 8 சதவீதம். 3 டேக் மட்டும் என்றால் 47 சதவீதம். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. ஃப்ரேமை நான்கு தடவை ஓட்டினால் அந்த 47 சதவீதம் 5-க்குக் கீழே வரும். இருந்தாலும் "பட்டியலில் வரவில்லை, ஆகவே இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது.

ஒரு வகை இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் கேள்வி என்றால் அருமையான வழி இருக்கிறது. செலக்ட் போட்டு அந்த வகையைத் தனியாக்கி, க்யூ பூஜ்யம் கொடுங்கள். ஒரே ஒரு ஸ்லாட். அந்த வகை டேக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும். ஒன்று இருந்தால் சுத்தமான பதில், நூறு இருந்தால் மோதல். இங்கே மோதலும் ஒரு பதில்தான், "இருக்கிறேன்" என்ற பதில். முழு மௌனம் மட்டுமே "இல்லை". எண்ணிக்கைக் கணக்கில் தொல்லையாக இருக்கும் மோதல், இருப்பைச் சோதிக்கும்போது உதவிக்கு வந்துவிடுகிறது.

நேற்றைய ஸ்டாக் கணக்கை இதோடு சேர்க்கலாமா?

சேர்க்கலாம், முன்பே தெரிந்ததையும் புது அளவீட்டையும் சேர்க்கும் பேயஸ் முறை அதற்குத்தான். புத்தகக் கணக்கு 400 என்கிறது, அதன் திட்ட விலக்கம் 20 என்று அனுபவத்தில் தெரியும். ரேடியோ மதிப்பீடு 383, திட்ட விலக்கம் 33. இரண்டையும் அவற்றின் நம்பகத்துக்கு ஏற்ப எடைபோட்டுச் சேர்த்தால் சுமார் 395, திட்ட விலக்கம் 17. தனித்தனியாக இருந்ததைவிட இறுக்கமான விடை.

ஆர்டர் போடுவதற்கு இது சரி. திருட்டையோ விடுபட்ட சரக்கையோ கண்டுபிடிக்க என்றால் தயவுசெய்து சேர்க்காதீர்கள். புத்தகம் தப்பா என்று பார்க்க வந்த இடத்தில் புத்தகத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டால், அது விடையைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

கணக்கு சரியாக இருந்தும் களத்தில் எண்ணிக்கை குறைகிறது. ஏன்?

சூத்திரம் எண்ணுவது பதில் சொல்லும் டேக்குகளை மட்டும். இந்த டேக்குகளில் பேட்டரி கிடையாது. ரீடரின் அலையிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தில்தான் விழிக்கின்றன. தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும், உலோகம் திருப்பி அடிக்கும். ஷாம்பூ பாட்டில் அடுக்குக்கு நடுவே உள்ள டேக்கும், அலுமினியத் தாள் உறைக்குப் பின்னால் உள்ள டேக்கும் எழுவதே இல்லை.

இவை குலுக்கலில் தோற்றவை இல்லை என்பதால், ஃப்ரேமை நூறு தடவை ஓட்டினாலும் அதே டேக்குகள் அதே இடத்தில் தூங்கும். சராசரி எடுத்தால் பிழை வரம்பு குறுகிக்கொண்டே போகும், விடை தப்பாகவே இருக்கும். ஒரு வகை முழுவதும் ஒரே மூலையில் அடுக்கியிருந்தால் அந்த வகையே காணாமல் போகும். இதற்கு மருந்து ஆன்டெனாவை நகர்த்துவது. இந்தியாவில் இந்த டேக்குகள் இயங்கும் 865–868 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். எதிரொலிகள் ஒன்றையொன்று அழித்துச் செத்த இடங்கள் உருவாவது அதில் பாதித் தூர இடைவெளியில், சுமார் 17 சென்டிமீட்டருக்கு ஒன்று. எனவே கையடக்க ரீடரை ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே சில டேக்குகள் விழித்துவிடும். அமெரிக்காவில் 902 முதல் 928 வரை அலைவரிசை தாவ இடமிருப்பதால் அதுவும் கொஞ்சம் கைகொடுக்கிறது. நமக்கு அந்த அகலம் இல்லை.

இரண்டாவது ஃப்ரேமில் எண்ணிக்கை திடீரென்று குறைந்துவிட்டது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. முழுதாகப் படிக்கப்பட்ட டேக் தன் கொடியை (படித்தாயிற்றா என்ற குறியை) ஏ-யிலிருந்து பி-க்கு மாற்றிக்கொண்டு அடுத்த ஃப்ரேமில் பேசாமல் இருக்கும். சராசரி எடுக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முன்னால் செலக்ட் அனுப்பி எல்லாரையும் ஏ-க்குக் கொண்டுவாருங்கள்.

எல்லா ரீடரிலும் இதைச் செய்ய முடியுமா?

செலக்ட் எல்லா ஜென்2 ரீடரிலும் உண்டு. காலி ஸ்லாட் எண்ணிக்கையைத்தான் பல ரீடர்கள் வெளியே காட்டுவதில்லை. வாங்கும் முன் விற்பவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். ஆய்வுக்கூடங்களில் மென்பொருள் ரேடியோவை வைத்துத் தாங்களே ரீடர் செய்துகொள்கிறார்கள். கட்டுரைகளில் வரும் சில முறைகள், டேக்கே தன் எண்ணை வைத்து ஒரு ஹாஷ் கணக்குப் போட்டுத் தன் ஸ்லாட்டைத் தேர்ந்தெடுக்கும் என்று வைத்துக்கொள்கின்றன. சந்தையில் கிடைக்கும் டேக் அப்படிச் செய்யாது, குலுக்கித்தான் எடுக்கும். அந்த முறைகளை வாங்கிவந்து மாட்டிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஃபாஸ்டேக்கில் கார், லாரி என்று வகை தெரிவதும் இப்படித்தானா?

இல்லை. அதே ஜென்2 குடும்பத்து டேக்தான், ஆனால் அங்கே ஒரு வண்டி, ஒரு டேக், பணம் கழிய வேண்டும். ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்தே ஆக வேண்டும், மதிப்பீட்டுக்கு அங்கே வேலை இல்லை. மருந்துப் பெட்டிகள், அறுவைக் கருவிகள் போன்றவற்றுக்கும் இதே பதில்தான்.

நான் மாணவன், ரீடர் வாங்க வசதியில்லை. எங்கே தொடங்குவது?

பைத்தானில் இருபது வரி போதும். 1500 டேக், அதில் 400 ஒரே வகை, 1024 ஸ்லாட். ஒவ்வொன்றுக்கும் ஒரு தற்செயல் எண் கொடுத்து, காலியை எண்ணி, சூத்திரத்தைப் போடுங்கள். ஆயிரம் தடவை ஓட்டி விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று வரைபடம் போடுங்கள். மேலே சொன்ன திட்ட விலக்கம் கண்முன் வரும்.

பிறகு அந்த 400-இல் 150-ஐ மட்டும் ஊமையாக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மொத்தம் 1350-ஐச் சுற்றி நிற்கும், பெரும்பாலான ஓட்டங்களில் 1425-ஐத் தாண்டாது, 1500 பக்கமே போகாது. அந்த வகையின் பங்கு 26.7 சதவீதத்திலிருந்து 18.5-க்கு இறங்கியிருக்கும், மற்ற வகைகளின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் தெரியாது. அந்த 150-ஐ எந்தக் கூடுதல் அளவீட்டால் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு நல்ல கேள்வி. இரண்டாவது ஆன்டெனா ஒன்றை நிரலில் சேர்த்து, அதற்கு வேறு 150-ஐ ஊமையாக்கி, இரண்டு ஆன்டெனாவும் தனித்தனியாகப் படித்த எண்களில் எத்தனை பொதுவாக வருகின்றன என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.